பொங்கல் லீவுக்கு ஆடிய ரம்மி

பர்னர் பார்க்கும் அண்ணன், குன்றத்தூர்க்காரர். மண் கலக்கும் ஆள், சுங்குவார்சத்திரம். பாட்டில் மிஷினில் நிற்கும் திருநெல்வேலிக்காரர். நான்காவது நான், பென்னலூர். எண்பதுகளின் தொடக்கத்தில், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பெங்களூர் ரோட்டோரம் இருந்த ஒரு சின்ன கண்ணாடி பாட்டில் கம்பெனியில் பகல் ஷிப்டுக்கு நாங்கள் நான்கு பேர்.

கண்ணாடி உலையை அணைக்க முடியாது. அணைத்தால் உள்ளே உருகிக் கிடப்பது கல்லாகிவிடும். அதனால் தீபாவளி, பொங்கல் எதுவும் உலைக்குக் கிடையாது. பொங்கலுக்கு ஷிப்டில் ஒருத்தருக்கு மட்டும் நான்கு நாள் லீவு. யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று சூப்பர்வைசர் ஒதுங்கிவிடுவார்.

முன்பெல்லாம் பேசித்தான் முடிவு செய்தார்களாம். ஒருவர் தங்கச்சி கல்யாணம் என்பார், இன்னொருவர் நிலத் தகராறு என்பார். யார் காரணம் பெரியது என்று சண்டை. ஒரு வருஷம் சட்டை கிழிந்ததாம். அதற்குப் பிறகுதான் ரம்மி. மார்கழியில் ஆரம்பிப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் தினம் ஒன்றோ இரண்டோ ஆட்டம். காசு வைப்பதில்லை. பாயின்ட் நூற்றொன்று எட்டியவர் வெளியே. கடைசியில் நிற்பவருக்கு லீவு. ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. எதற்கு லீவு என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் ஆட்டத்தில் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அது. சீட்டைக் கையில் தொட்டதில்லை. ஆனால் காரணம் இருந்தது.

என் மனைவி அத்தை மகள். கள்ளக்குறிச்சிக்கும் அந்தப் பக்கம் ஊர். ஐப்பசியில் அங்கே எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. போக ஒரு நாள், வர ஒரு நாள். வார லீவு ஒரு நாள்தான். நான் இன்னும் பிள்ளையைப் பார்க்கவில்லை. மார்கழியில் வந்த கடுதாசியில், பிள்ளை இப்போது ஆள் முகம் பார்த்துச் சிரிக்கிறாள் என்று எழுதியிருந்தது. யார் முகம் பார்த்து என்று எழுதவில்லை. அதையே நினைத்துக்கொண்டு உலை முன்னால் நின்றேன்.

முதல் நாள் பதின்மூன்று சீட்டையும் விரித்துப் பிடிக்க வரவில்லை. இரண்டு கீழே விழுந்தன.

"ஏன்பா, சீட்டு புடிக்கிறியா, வெத்தலைக்கு சுண்ணாம்பு தடவுறியா?" என்றார் மண் கலக்குகிறவர்.

"சிரிக்காதடா. நீ மொத நாளு ஜோக்கர தூக்கி கீழ போட்ட ஆளு" என்றார் பர்னர் அண்ணன்.

தோற்றுத் தோற்றுத்தான் கற்றேன். ஒரே இனத்தில் மூன்று சீட்டு வரிசையாக, ஜோக்கர் இல்லாமல் முதலில் சேர வேண்டும். அது சேராமல் எதிராளி ஜெயித்தால் கையில் இருக்கும் எல்லாம் பாயின்ட். எண்பது வரை போகும். கை மோசமாக வந்தால் ஆடாமலே கவிழ்த்துவிடலாம். ஸ்கூட் என்பார்கள். இருபது பாயின்ட்தான். எனக்கு ஸ்கூட் போட மனம் வராது. பர்னர் அண்ணன் ஒரு நாள் சொன்னார்: "ஸ்கூட்டு போடறது தோக்கறது இல்லபா. நாளைக்கு ஆடறதுக்கு இருக்கறது." தலையாட்டினேன். மண்டையில் ஏறவில்லை.

ஆனாலும் சீட்டு எனக்கு வந்தது. புது ஆளுக்கு வரும் என்பார்கள். மண் கலக்குகிறவர் முதலில் போனார். பிறகு பர்னர் அண்ணன். போகிக்கு இரண்டு நாள் முன்னால் நானும் திருநெல்வேலிக்காரரும் மட்டும். எனக்கு அறுபத்தெட்டு. அவருக்கு எழுபத்தொன்பது.

அன்றைக்கு வந்த கை குப்பை. ஆர்ட்டின், அதாவது சிவப்பு இதயத்தில், எட்டும் ஒன்பதும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மீதி எல்லாம் படம், பத்து, ஒன்றோடு ஒன்று சேராதவை. கவிழ்த்தால் எண்பத்தெட்டு. அடுத்த ஆட்டம் உண்டு. எனக்குத் தெரியும். ஆனால் கவிழ்ப்பது பிள்ளையைத் தூக்கிக் கீழே வைப்பது போல இருந்தது. ஆடினேன்.

ஆர்ட்டின் ஏழோ பத்தோ வரட்டும் என்று ஒவ்வொரு சீட்டாக எடுத்தேன்.

"என்ன தம்பி, ரோசனை பலமா இருக்கு. உலை ஆறிரும்லா" என்றார் திருநெல்வேலிக்காரர். அவரும் ஒரே சீட்டை இங்கும் அங்கும் மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தார். அப்போது நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஏழாவது சுற்றில் அவர் சீட்டை விரித்து வைத்தார். எனக்கு முழு எண்பது.

என் சீட்டைப் புரட்டிப் பார்த்த மண் கலக்குகிறவர், "இந்த கைய வச்சிக்கினு யாராவது ஆடுவானாய்யா? இன்னாத்துக்குபா?" என்றார்.

நான் எழுந்து போய்க் கை கழுவினேன்.

பொங்கலன்று உலை முன்னால் நின்றுகொண்டு அந்த மனிதரை மனதுக்குள் திட்டினேன். கல்யாணம்கூட ஆகாத ஆள். ஊருக்குப் போய்ப் படம் பார்ப்பார், தூங்குவார். இவருக்கு எதற்கு லீவு என்று.

லீவு முடிந்து அவர் வந்தார். தலையில் முடி இல்லை. மீசையும் இல்லை.

பர்னர் அண்ணன் மட்டும் கேட்டார். "யாருபா?"

"அம்மா. மூணு மாசமா படுக்கை. நான் போய்ச் சேருத வரைக்கும் உசுரு இருந்துச்சு. எங்கையால ரெண்டு மடக்கு பால் குடிச்சா. அம்புட்டுதான்."

சொல்லிவிட்டு மொட்டைத் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒனக்கு என்ன காரணம் தம்பி? இப்பம் சொல்லலாம்லா."

"ஒண்ணும் இல்லண்ணே. சும்மாதான்" என்றேன்.

அவர் இரண்டு வருஷம் கழித்து வேலையை விட்டு ஊரோடு போனார். கடைசிவரை நான் சொல்லவில்லை.

அந்தக் கையைக் கவிழ்த்திருந்தால் அடுத்த ஆட்டத்தில் ஜெயித்திருப்பேனோ என்று இன்றைக்கும் சில நாள் தோன்றும். உடனே அந்த மொட்டைத் தலை ஞாபகம் வரும். தோற்றதே நல்லது என்று நினைப்பேன். ஆனாலும் அந்த ஏக்கம் போகவில்லை. நல்லது நடந்தது என்று தெரிந்தாலும் ஏக்கம் தனியாக இருக்கும் என்பதுதான் நான் கற்றது.

ஐந்தாம் மாதம் தாயையும் பிள்ளையையும் அழைத்து வருவது எங்கள் வழக்கம். பங்குனியில் மாமா கொண்டுவந்து விட்டார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனேன். கையை நீட்டினேன். பிள்ளை என்னைப் பார்த்து அழுதுவிட்டு அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு நூற்று நாற்பத்தேழு நாள்.