மில்லர்புரத்தில் ஒரு டுபாக்கூர் காலேஜ்

சினிமாவில் உதவி இயக்குநரின் முழுநேர வேலை, வாசலில் நின்று "இது ஷூட்டிங்" என்று தொண்டை கட்டக் கத்துவதுதான். என்னைப் போல் கத்தித் தொலைத்தவர்களுக்கு இது புரியும்.

சிபாரிசு

ப்ளஸ் டூவில் தட்டுத்தடுமாறிப் பாஸான நாலு பயல்கள் காலேஜில் சேர அடிக்கும் கூத்துதான் எங்கள் படம். தூத்துக்குடி மில்லர்புரத்தில் காலியாகக் கிடந்த ஒரு கட்டடத்தைப் பிடித்து, "அட்மிஷன் நடைபெறுகிறது" என்று போர்டு மாட்டினோம். ஆர்ட் டைரக்டர் அதைக் கொஞ்சம் நன்றாகவே செய்து தொலைத்துவிட்டார். மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் ஏழெட்டுப் பெற்றோர் ஃபைலும் கையுமாக வந்துவிட்டார்கள்.

"இது காலேஜ் இல்லை சார், சினிமா" என்று ஒருவரிடம் விளக்கினேன். மனிதர் நகரவில்லை. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "சினிமாக்காரங்களா? அப்ப பெரிய ஆளுகளைத் தெரிஞ்சிருக்குமே. மவனுக்கு ஒரு பி.காம் சீட்டு சொல்லுங்கம்மா" என்றார்.

க்ளோசப்

அன்றைக்கு விண்ணப்ப வரிசையைப் படம் பிடித்தோம். கவுண்டரில் கிளார்க்காக நடித்தவர் உள்ளூர்க்காரர். நிஜத்திலும் காலேஜ் ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. அவருக்கு ஒரே வசனம்: "சீட்டு இல்ல, அடுத்த ஆளு!"

கேமரா ஓடியது. அண்ணாச்சி கடுகடுவென்று சொன்னதும் எதிரே நின்ற பெண் பொலபொலவென்று அழுதுவிட்டாள். சீனில் அழுகையே கிடையாது. அவளும் பக்கத்தில் நின்ற அவள் அப்பாவும் எங்கள் துணை நடிகர்களே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. டைரக்டரோ துள்ளிக் குதித்தார்: "யாருய்யா இந்தப் பொண்ணு? பிரமாதம்! இன்னொரு டேக், க்ளோசப்புல!"

நாலரை மணி

அவள் பெயர் ஸ்டெல்லா, ஊர் புன்னைக்காயல். படகில் மீன்பிடிக்கப் போகும் அப்பா அன்று கடலுக்குப் போகாமல் மகளைக் கூட்டி வந்திருந்தார். முதல் நாள் பஸ்ஸிலிருந்து போர்டைப் பார்த்தார்களாம். அரசுக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். அவர்களோ எங்கள் கவுண்டரில் நின்றே பொழுதைத் தொலைத்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது எனக்கு.

அண்ணாச்சி கவுண்டரை விட்டு எழுந்திருக்கவே இல்லை. என் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு, ஸ்டெல்லாவின் மார்க் ஷீட்டை வாங்கி, ஆன்லைன் விண்ணப்பத்தை மளமளவென்று நிரப்ப ஆரம்பித்தார். டைரக்டர் "ஷாட் ரெடி!" என்று மூன்று தடவை கத்தினார். அண்ணாச்சி நிமிராமலே சொன்னார்: "ஒம்ம பயலுவளுக்கு நாளைக்குக்கூட சீட்டு குடுக்கலாம் தம்பி. இந்தப் புள்ளைக்கு அஞ்சு மணியோட முடிஞ்சிரும்."

போன்

சில வாரம் கழித்து ஸ்டெல்லாவின் அப்பா போன் செய்தார். "யம்மா, மவளுக்கு கெமிஸ்ட்ரி கெடச்சிட்டு!" கூடவே கேட்டார், ரொம்ப அக்கறையாக: "பாவம், ஒங்க நாலு பயலுவளுக்கும் எங்கனயாவது கெடச்சிச்சா?"

படம் ஓடுமோ ஓடாதோ, எங்கள் டுபாக்கூர் காலேஜ் போட்டது ஒரே ஒரு விண்ணப்பம், அதற்கும் சீட்டு கிடைத்துவிட்டதால் நாங்கள் நூற்றுக்கு நூறு.