நிரோஜினி கறிமீனைக் குறைத்த கதை

சல்லிக் கடற்கரையில் கரைவலை வைத்திருக்கும் ஒரே பெண் நிரோஜினி. வயது முப்பத்திரண்டு. அவளுடைய புத்தியைக் கெடுத்தது நான்தான் என்று சொல்வார்கள். ஓம், கெடுத்தேன். ஆனால் முதலில் தூக்கிவிட்டவனும் நான்தான், அதை ஒருவரும் சொல்லமாட்டார்கள்! நான் நிப்றாஸ், கிண்ணியாவிலிருந்து லொறி கொண்டுபோய் அவளுடைய மீனை வாங்குகிறவன்; முஸ்லிம் அண்ணன் என்பதால் என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவாள். வெற்றி பெற்ற பெரிய மனிதர்களின் கதை என்றால் எனக்குப் பைத்தியம். லொறியில் பாட்டே போடுவதில்லை. நெப்போலியன், ஃபோர்ட், ரொக்பெல்லர் என்று ஓடிக்கொண்டே இருக்கும். நல்லதாக ஒன்று அகப்பட்டால் அவளுடைய போனுக்கு அனுப்பிவிடுவேன்.

போன வருடம் அவளுடைய அப்பா இறந்து வலை அவளுடைய கைக்கு வந்தபோது கரைவலைச் சங்கத்தில் ஒரே புறுபுறுப்பு, பொம்பிளைக்கு என்ன வலை என்று. அப்போதுதான் எங்கள் துறைமுகத்தின் கதையையே அனுப்பினேன். 1782இல் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் திருகோணமலையைப் பிடித்தார். ஆங்கிலேயரின் கப்பற்படை வந்துசேரச் சில நாள் பிந்திவிட்டது; கோட்டை கைமாறிவிட்டது. நிரோஜினி அதை இரண்டு தரம் கேட்டாள். அந்தக் கரையில் வலைகள் முறை வைத்துத்தான் இறங்கும். அவளுடைய முறை நாளன்று, தடுக்க நினைத்த சங்கத்துக்காரர் தேத்தண்ணி குடித்து வாய் துடைத்துக்கொண்டு வருமுன்னே அவளுடைய வலை கடலுக்குள் போய்விட்டது! வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். எனக்கென்றால் லொறிக்கு மேல் ஏறி நின்று கத்தவேண்டும் போலிருந்தது.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? எண்ணெய் முதலாளி ரொக்பெல்லரை அனுப்பினேன். மண்ணெண்ணெய்த் தகரத்தை மூட நாற்பது சொட்டு ஈயம் விட்டார்களாம். முப்பத்தொன்பது போதும் என்று அவர் கண்டுபிடித்தாராம்.

"ஒரு சொட்டு நானா, ஒரே ஒரு சொட்டு!" என்று குதித்தாள் நிரோஜினி. தன்னுடைய தொழிலில் அந்த ஒரு சொட்டைத் தேடத் தொடங்கினாள். அவள் கண்ணில் பட்டது கறிமீன்.

கரைவலை இழுக்கிறவர்களுக்குப் பங்கு வேறு, கறிமீன் வேறு. மீன் கூடப் பட்டாலும் குறையப் பட்டாலும், விற்குமுன் ஆளுக்கு ஒரு கறிக்குக் காணுமளவு எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். அதை ஒருவரும் கேட்டு வாங்குவதில்லை. அவள் அதைப் பாதியாக்கினாள். இழுக்கிற இருபது பேரும் பாதியை வாங்கிக்கொண்டு போனார்கள். "பாத்தீங்களா, ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல" என்று என்னிடம் பெருமையடித்தாள். நானும் மடையன், தலையாட்டினேன்.

அவளுடைய அடுத்த முறை நாள் வந்தது. தோணிக்காரர் வலையை வளைத்துவிட்டார்கள். பாரை மீன் கூட்டம் துள்ளுவது கரைக்கே தெரிகிறது! கயிறு இழுக்க ஒருவரும் இல்லை. மத்தியானத்துக்குள் வலை கரையேறாவிட்டால் பருவம் முழுவதும் அவளுடைய இடம் அடுத்த வலைக்குப் போய்விடும், அது அந்தச் சங்கத்தின் சட்டம். இருபது பேரும் பக்கத்துத் திறந்த வாடிக் கொட்டிலுக்குள் இருந்து சீட்டு விளையாடுகிறார்கள்!

நிரோஜினி கயிற்றைத் தோளில் போட்டாள். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் பிடித்தேன். மீன் வாங்குகிற முதலாளி கயிறு பிடித்ததை அந்தக் கரை கண்டதில்லை. இழுத்தோமா? கடல்தான் எங்களை இழுத்தது. மணி பதினொன்று. சட்டென்று கயிற்றை என் கையில் விட்டுவிட்டு அவள் வாடிக்கு ஓடினாள். யா அல்லாஹ், தனி ஆளாக நான்!

அவள் போட்ட சத்தம் கரை முழுக்கக் கேட்டது. "கதிரவேலண்ணை, நான் செய்தது பிழை. உங்கட கறிச்சட்டியில கை வைச்சிட்டன்."

இழுக்கிறவர்களுக்குத் தலைவர் கதிரவேல். அவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இண்டைக்குப் பாரை துள்ளுது, வந்து நிக்கிறீங்கள். நாளைக்கு நாலே நாலு மீன் பட்டால்?"

"அந்த நாலும் உங்களுக்குத்தான் அண்ணை. நான் வெறுஞ்சோறு திம்பன்."

கதிரவேல் சீட்டைக் கீழே போட்டார். பிறகு வெளியே என்னைப் பார்த்தார். நான் முழங்காலளவு தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்தேன்.

"அட, அந்த நானாவைக் கடல் கொண்டுபோகப்போகுது. எழும்புங்கோடா!"

இருபது பேரும் ஓடி வந்தார்கள். அம்மாடி, அந்த இழுவை! பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்க வலை கரையேறியது, அதன் மடிப்பை நிறையப் பாரை. வியாபார அவசரத்தில் முதல் கூடைக்கு நான் கையை நீட்டினேன்.

"பொறுங்கோ நானா," என்றாள் நிரோஜினி. கூடையைக் கதிரவேலுக்கு முன்னால் இழுத்து வைத்தாள். "கறிமீனை நீங்களே பிரிச்சுக் குடுங்கோ அண்ணை."

அவர் ஆறுதலாக, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு ஆளாகக் கூப்பிட்டுக் கொடுத்தார். தோள் உரிந்து எரிய எரிய நான் மணலில் குந்தியிருந்தேன். வியாபாரத்தில் என்னைக் காக்கவைத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது.