வெள்ளைக் கல்லின் அடி

தொண்ணூறுகளின் கடைசியில் பத்திரிகை வேலையை விட்டபின், பெங்களூரில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்துக்கு அறிக்கைகள் எழுதிக்கொண்டிருந்தேன். மழை குறைந்த ஊர்களில் ஆடு வளர்ப்பவர்களின் நிலம் பாழாகாமல் பார்ப்பது அவர்கள் வேலை. மர்பி டவுனில் எனக்கு வீடு. அத்திபெலே வரை பஸ், அங்கிருந்து நடை.

அங்கே ஐந்து ஏக்கர் மேட்டு நிலத்தில் ஓர் அம்மாள் முப்பது செம்மறிகள் வைத்திருந்தார். கணவர் இறந்தபின் அவைதான் பிழைப்பு. மேய்ந்து மேய்ந்து நிலத்தில் புல்லின் வேர்கூட இல்லை. பாதி நிலத்துக்கு வேலி போட்டு மூன்று வருடம் ஆடு நுழையாமல் விடுவது, அதுவரை தீவனம் நாங்கள் கொடுப்பது என்று ஏற்பாடு. தயங்கித்தான் சம்மதித்தார்.

நிலம் தேறுகிறதா என்று பார்க்க, வேலிக்குள் ஒரு கல் நட்டு, தரை மட்டம்வரை வெள்ளையடித்திருந்தோம். பத்தடி பின்னால் நின்று, குன்று இடது ஓரத்தில் வரும்படி படம் எடுக்க வேண்டும். அதே இடம், ஒவ்வொரு வருடமும் அதே மாசி மாதம். அந்த விதியை நானே அவருக்கு விளக்கியிருந்தேன். முதல் மாசிப் படத்தில் கல்லும் மண்ணும்தான்.

அறிக்கை சீக்கிரம் அச்சுக்குப் போக வேண்டும் என்றார்கள். ஐப்பசியிலேயே போனேன். முந்தைய வாரம் மழை. முழங்கால் உயரப் புல், சாய்ந்த வெயில். பத்திரிகைக்காரனின் கண் விடுமா? எடுத்தேன். வேலிக்கு வெளியே நின்றிருந்த அம்மாள் சொன்னார்: “மழ பேஞ்சா பாறமேலகூட பச்ச கட்டும் சார். மாசில வந்து பாருங்க.”

நான் குறித்துக்கொள்ளவில்லை. சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கீழே ‘அதே இடம், எட்டு மாதங்களுக்குப் பின்’ என்று எழுதினேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மாதத்தின் பெயர் மட்டும் இல்லை. நிலம் தேறிவிட்டதென்று முடிவுசெய்து, தை முதல் தீவனத்தை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அது எனக்கு மார்கழியிலேயே தெரியும். நிறுவனத் தலைவரின் அறை என் மேஜையிலிருந்து நான்கு எட்டு தூரம்தான். எழுந்து போகவில்லை.

மாசியில் போனேன். வேலி திறந்து கிடந்தது. தீவனம் நின்றதும் வேறு வழியில்லாமல் ஆடுகளை உள்ளே விட்டிருந்தார். வேர் பிடிக்காத புல் சில நாளில் முடிந்தது. மீதியைக் குளம்புகள் புழுதியாக்கின. நான்கு ஆடுகள் நின்றன. மற்றவை எங்கே என்று நான் கேட்கவில்லை. “லாரி ஏறிடுச்சு” என்றார் அவராகவே. குரலில் கோபமில்லை.

கேமராவைப் பையிலிருந்து எடுக்கக் கை வரவில்லை.

“எடுங்க சார். அதே எடம், அதே மாசம். நீங்க சொன்னதுதானே.”

பத்தடி பின்னால் போய் நின்றேன். இடது ஓரத்தில் குன்று. நடுவில் கல். வெள்ளை முடிந்த இடத்துக்குக் கீழே நான்கு விரற்கடை அளவுக்கு வெள்ளை படாத கல் தெரிந்தது. அவ்வளவு மண் காற்றோடு போயிருந்தது.

அந்தப் படம் எந்த அறிக்கையிலும் வரவில்லை. என் மேஜை டிராயரில் இருக்கிறது. ஓசூர் சாலையில் பஸ்ஸில் போகும்போது ஓரத்தில் வெள்ளையடித்த கற்கள் வரும். இன்றும் அவற்றின் அடியைத்தான் பார்க்கிறேன்.