காய்ச்சல் விட்ட அன்று

தென்காசியை விட்டுக் குற்றாலம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். அக்காவின் ஐந்து வயது மகளை அன்றுதான் புதைத்திருந்தோம். "இனி என் முகத்துல முழிக்காதலே" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

இரண்டு நாளுக்கு முன் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. கைகால் சில்லென்று ஆனதும் சூடு இறங்கியதென்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். காய்ச்சல் விட்டால் தலைக்கு ஊற்றுவது எங்கள் வீட்டு வழக்கம்.

"அருவித் தண்ணி மருந்துல்லா" என்று நான்தான் குற்றாலத்துக்குத் தூக்கிப் போனேன்.

"மாமா, வயிறு வலிக்கி" என்றாள்.

"பசிதாம்ட்டி அது" என்று சிரித்தேன். குளித்ததும் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். திரும்பும்போது தோளிலேயே தூங்கினாள். அசதி என்று நினைத்தேன். எழுப்பியும் எழாதபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"டெங்கு. காய்ச்சல் விடும்போதுதான்யா ஆபத்தே. இப்படிச் சில்லுன்னு ஆனா, வயித்து வலி வந்தா, உடனே இங்க கொண்டு வரணும். குளிப்பாட்டவா கொண்டு போவீங்க?" என்றார் டாக்டர். மறுநாள் பிள்ளை போய்விட்டாள்.

அக்கா வீட்டை விட்டால், அன்றாடக் கூலி கிடைக்கும் குற்றாலம்தான் எனக்குப் போக்கிடம். புதைத்த மறுநாள் காலை அருவிக்கரையில், குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வேலை கேட்டேன். பிள்ளைகளுக்கு மட்டும் தேய்க்க மாட்டேன் என்றேன்.

"ஏம்லே, அழுவும்னு பயமா?" என்று சிரித்தார் வேலை கொடுத்தவர்.

ஆமாம் என்று சொல்லி எண்ணெய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.