‘வலிக்குது’ என்று சொல்லக்கூடாத வகுப்பு

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தலைவலி, காய்ச்சல், வீட்டுப்பாடம் எழுதாதது எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். “ஒரு மாதிரியா இருக்கு டீச்சர்.” எந்த மாதிரி என்று கேட்டால், “வலிக்குது.” எப்படி வலிக்கிறது என்று கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. ஒரு நாள் மேசையைத் தட்டிச் சொல்லிவிட்டேன்.

“இனிமே இந்தக் கிளாஸ்ல யாரும் வலிக்குதுன்னு சொல்லக்கூடாது. எப்பிடி வலிக்குதோ அதச் சொல்லணும். வீட்ல கேட்டுட்டு வாங்க. எழுத வேணாம், வாயால சொன்னாப் போதும்.”

ஆம்பூரைச் சுற்றியுள்ள வீடுகளில் இதைக் கேட்க ஆளுக்குப் பஞ்சமில்லை. அம்மாக்கள் காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய், நாளெல்லாம் தையல் மெஷினில் குனிந்திருந்துவிட்டு, இருட்டும்போது இறங்குவார்கள். அப்பாக்களில் பாதிப்பேர் தோல் பதனிடும் டேனரியில் ஈரத்தில் நிற்பவர்கள்.

மறுநாள் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. டேனரிக்காரர் மகன் எழுந்து, “எங்கப்பாக்குக் கால் கடுக்குதாம்” என்றான். பக்கத்திலிருந்தவள், “எங்கம்மாக்கு உளையுதாம்” என்றாள். இரண்டும் ஒன்றுதானே என்று சீண்டிப் பார்த்தேன். அவள் விடவில்லை. “இல்ல டீச்சர். நின்னுனே இருந்தா கடுக்கும். வந்து படுத்தாதான் உளையும்.”

பிறகு நிறுத்த முடியவில்லை. ஒருவனுக்குக் காது குடைந்தது, ஒருத்தியின் அண்ணனுக்குப் பல் விண்விண் என்று தெறித்தது, யாருடைய மாமாவுக்கோ பாதம் மதமதத்துப் போயிருந்தது. உருது பேசும் வீட்டுப் பையன் எழுந்து, “பேஜாரா இருக்கு டீச்சர்” என்றான்.

“பேஜாரு உடம்புலயா, மனசுலயா?”

“ரெண்டுலயும். கணக்குப் பாடத்துல ஜாஸ்தி.”

அதையும் சேர்த்துக்கொண்டோம். சிரித்தேனே தவிர, உள்ளுக்குள் எனக்குப் புல்லரித்துப் போயிருந்தது. இத்தனை வார்த்தைகளும் இவ்வளவு நாள் அந்த வீடுகளுக்குள்ளேயே இருந்திருக்கின்றன. கேட்க ஆளில்லாததால் எல்லாரும் ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு ஒல்லிப் பெண். வாயைத் திறப்பதே அபூர்வம். வயிற்றுவலி என்று அடிக்கடி லீவு போடுவதால் பிள்ளைகள் அவளுக்கு ‘மட்டம்’ என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவள் முறை வந்ததும் எழுந்து, “சுண்டி இழுக்குது” என்றாள். யாருக்கு என்று கேட்டேன். சொல்லாமல் உட்கார்ந்துகொண்டாள்.

அதன் பிறகு தினமும் கொஞ்ச நேரம் இந்தப் பேச்சு நடந்தது. பிள்ளைகளுக்கு விளையாட்டு, எனக்குத் தமிழ்ப்பாடம்.

சில வாரங்கள் கழித்து, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். அந்தப் பெண் மேசையைப் பிடித்துக்கொண்டு என்முன் நின்றாள். பின்னாலிருந்து ஒரு குரல், “மட்டம் வீட்டுக்குக் கெளம்பிட்டா” என்றது. அவள் திரும்பவில்லை.

“டீச்சர், காலைல தொப்புளச் சுத்திப் பிசைஞ்சுது. இப்போ அங்க இல்ல. வலது பக்கம் கீழ எறங்கி, ஒரே எடத்துல குத்துது. கால எடுத்து வச்சா சுண்டி இழுக்குது. எப்பவும் வர்றது இது இல்ல.”

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

போன் செய்ததும் அவள் அம்மா, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்க, வேலையிலிருந்து நேராக ஓடிவந்தார். டாக்டரம்மா அவரிடம்தான் முதலில் கேட்டார். “வயித்து வலிதாங்க. அடிக்கடி சொல்லும்” என்றார் அம்மா. படுத்திருந்த பெண், என்னிடம் சொன்னதை ஒரு சொல் மாறாமல் டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் அந்த இடத்தை மெல்ல அழுத்திக் கையை எடுத்தார். அவள் முகம் சுருங்கியது.

“குடல்வால். இன்னைக்கே எடுத்துடணும். நாளைக்குப் பாக்கலாம்னு விட்டிருந்தா உள்ளயே வெடிச்சிருக்கும்.”

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலையே ஆபரேஷன் முடிந்தது.

மறுநாள் காலை போனேன். வெளுத்துப்போயிருந்தாள். “இன்னா பண்ணுது?” என்றேன். கண்ணை மூடி யோசித்தாள். “தையல் போட்ட எடம் காந்துது டீச்சர். உள்ள சும்மா இருக்குது.”

அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்தார். “சுண்டி இழுக்குறது போச்சா? உங்க பொண்ணு எங்கேருந்துதான் இந்த வார்த்தையெல்லாம் புடிச்சாளோ” என்று அம்மாவிடம் சிரித்தார்.

அம்மா கூச்சத்தோடு தலை குனிந்தார். “அது என் வார்த்த டாக்டர். ஸ்கூல்ல கேட்டாங்கன்னு ஒரே நச்சரிப்பு. என் கைக்கு வர்றதச் சொன்னேன்.”

டாக்டரின் சிரிப்பு நின்றது. “எந்தக் கை?”

“வலது கை. மணிக்கட்டுலேருந்து தோள் வரைக்கும். மெஷின்ல ஒக்காந்தா வந்துடும்.”

“எத்தினி நாளா?”

“இந்தப் பொண்ணு பொறக்கறதுக்கு முன்னேருந்தே.”

“யார்கிட்டயாவது காட்டினீங்களா?”

“யாரும் கேக்கலியே.”

யாருக்கு என்று நான் அன்று கேட்டதற்குப் பதில் இப்போதுதான் கிடைத்தது. மெஷின் முன்னால் ஒருத்தி வருஷக்கணக்காக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு சொல், அவள் பெற்ற உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “கையக் குடுங்க. இன்னா பண்ணுது, நீங்களே சொல்லுங்க.”

அம்மா கையை நீட்டிவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் மகளைப் பார்த்தார். கட்டிலிலிருந்து மெல்லிய குரலில் பதில் வந்தது.

“வலிக்குதுன்னு மட்டும் சொல்லக்கூடாதும்மா.”