பெயர் பதிய வரவும்

ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருத்துவிச்சியாக இருந்தேன். எழுபதுகளின் தொடக்கம். அரசாங்கத்தின் இலவசக் கருத்தடை கிளினிக் எங்கள் தோட்டத்துக்கும் வந்தது. மாதத்தில் ஒரு நாள், பிள்ளைக்காம்பராவில். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன். கருத்தடை என்று எழுதக் கிளாக்கருக்குக் கூச்சம். "குடும்பத் திட்டம். பெயர் பதிய வரவும்" என்று ஓர் அட்டையில் எழுதிப் காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் மாட்டிவிட்டார்.

அந்த வருஷங்களில் தோட்டத்தில் பெயர் பதிவது என்றால் ஒன்றுதான்: இந்தியாவுக்குப் போவது. இரண்டு நாட்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். முதல் கிளினிக்குக்கு வந்ததெல்லாம் ஆண்கள். கோட்டுப் போட்டுத் தலைப்பாகை கட்டி வந்த ஒரு கிழவர், "அம்மிக்கல்ல கப்பல்ல ஏத்த விடுவாங்களாம்மா?" என்று கேட்டார். பதுளையிலிருந்து வந்த டாக்டர் சிங்களவர். நான் சொல்லி விளங்கியதும் சிரித்தார், சிரித்தார், அப்படிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்காகக் காத்திருந்தேனோ அவள் வரவில்லை.

மூன்றாவது பிரசவத்தில் இரத்தம் நிற்காமல், லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்து வந்தவள் அவள். இன்னொரு பிள்ளை என்றால் ஆள் தங்காது என்று அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் வீடு இருந்த மேல் லய வரிசைக்கு ஏறிப் போனேன். என்னைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நாங்க இங்கனயேதாங்க இருப்போம். பேர் குடுக்க மாட்டேன்," என்றாள் உள்ளேயிருந்து.

"அடி கூறு கெட்டவளே, இது கப்பலுக்கு இல்ல, வயித்துக்கு!"

எனக்குப் பொறுமை எப்போதுமே குறைவு. நான் கத்தியதில் லயம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. கதவு கொஞ்சம் திறந்தது.

"வயித்துக்குன்னா?"

"இனிமே புள்ள வராம இருக்க. இது கொழும்புக்கும் தெரியாது, இந்தியாவுக்கும் தெரியாது."

யோசித்தாள். புருஷனிடம் பேசினாள். அடுத்த கிளினிக்கில் முதல் ஆளாகப் பெயர் கொடுத்து, பதுளையில் ஆபரேசன் செய்துகொண்டு வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் சில பெண்கள் துணிந்து மாத்திரை வாங்க வந்தார்கள். எனக்குப் பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது.

மறு வருஷம் அவர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. அவள் மாமனார் எப்போதோ வீட்டிலுள்ள எல்லோரையும் சேர்த்து இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்ட மனு. அவர் செத்தும் அது சாகவில்லை. இதை நான் எடுத்துச் சொல்லியும் எடுபடவில்லை. மருத்துவிச்சியிடம் பெயர் கொடுத்தாள், கப்பலில் ஏற்றிவிட்டார்கள் என்று லயத்தில் முடிவாகிவிட்டது. அந்த மாதக் கிளினிக்கில் டாக்டரும் நானும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட வரவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அவர்கள் புறப்பட்ட அன்று, ஹப்புத்தளை ஸ்டேஷனுக்குப் போகும் லொறியில் சாமான் ஏற்றும்போது போய் நின்றேன். வழியனுப்ப வந்தவர்கள் ஒருவரும் என்னோடு பேசவில்லை. அவள் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

"பேர் குடுக்காம இருந்திருந்தா நான் இங்கனயே இருந்திருப்பேன்னு சொல்றாங்கம்மா," என்றாள். "இருந்திருப்பேன்தாங்க. மண்ணுக்குள்ள."

எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள். பிறகு பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி லொறியில் ஏற்றினாள்.