பொட்டு வைத்த ப்ளூ-ரே பிளேயர்

பிளேயரை விற்றதோடு விற்றவனின் வேலை முடிந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இதுவரை ஒன்றைக்கூட விற்றதில்லை.

மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் பதினைந்து வருடமாக நிற்கிறேன். விற்பதும் நான், வீட்டுக்குப் போய் மாட்டுவதும் நான், மாட்டியது ஏன் ஓடவில்லை என்று போனில் திட்டு வாங்குவதும் நான். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று கால் வலித்தவர்களுக்கும், ரிமோட்டைத் தேடி சோபா இடுக்கில் கைவிட்டவர்களுக்கும் என் கஷ்டம் புரியும்.

ப்ளூ-ரேக்கு இப்போது கடையில் ஒரே ஒரு தட்டுதான். எல்லாரும் இணையத்தில் படம் பார்க்கிறார்கள். அதையும் மீறி வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: டிவிடிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? "படம் தெளிவா இருக்கும்" என்பேன். "எங்க கண்ணுக்கு அதுவே போதும்" என்று போய்விடுவார்கள்.

தூக்கிப் பார்த்து வாங்கியவர்

தேவன் அங்கிள் அப்படிப் போகவில்லை. கிள்ளான் பக்கம் மேருவிலிருந்து மனைவி மல்லிகா ஆன்டியோடு வந்தார். முப்பது வருடம் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தட்டில் இருந்த பிளேயர்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "உள்ள ஒண்ணுமே இல்ல போலிருக்கே" என்று வைத்தார். எடையைப் பார்க்காதீர்கள், ஒயர் செருகும் பின்பக்கத்தைப் பாருங்கள் என்றேன். டிவிக்கு ஒரு எச்டிஎம்ஐ துளை வேண்டும், வீட்டில் இருக்கும் பழைய ஆம்ப்ளிஃபயருக்கு ஆப்டிகல் துளை வேண்டும். அவர் கடைசியில் எடுத்தது இருப்பதிலேயே கனமானதை. நல்ல வேளை, அதில் இரண்டும் இருந்தன.

அவசரம் ஏன் என்று அப்புறம்தான் சொன்னார். மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அவருக்கு இதய ஆபரேஷன். தேதியை மாற்றக்கூடாது என்று அவரே பிடிவாதம் பிடித்தார். அவருடைய தம்பி தாரை வார்த்துக் கொடுத்தார். மகள் ஆஸ்திரேலியா போகும்போது, அப்பா பார்க்கட்டும் என்று முழு வீடியோவும் இருந்த ஒரே ப்ளூ-ரே டிஸ்க்கை விட்டுப் போயிருக்கிறாள். வீடியோ எடுத்தவர் கடையை மூடிவிட்டார். வீட்டில் இருந்த டிவிடி பிளேயரோ அந்த டிஸ்க்கைத் துப்பிவிட்டது. மகள் மனசு கஷ்டப்படுமே என்று இவர் போனில், இரண்டு தரம் பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிட்டார். இப்போது தீபாவளிக்கு அவள் வருகிறாள்.

"'அந்த எடத்தப் பாத்தீங்களாப்பா, பாத்துட்டு சிரிச்சீங்களா அழுதீங்களா'ன்னு கேட்டா தம்பி. எந்த எடம்னு எனக்கு என்னலா தெரியும்? அழுதேன்னு சொல்லிட்டேன்."

டிஸ்க்குக்கு விசா

அதே வாரம் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஒரு போன். சென்னையிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் இளைஞர். என்னிடம் வாங்கிய பிளேயரில் இந்த ஊர் டிஸ்க் எல்லாம் ஓடுகிறது, ஊரிலிருந்து கொண்டுவந்ததில் பாதி ஓடவில்லை என்றார். ப்ளூ-ரே செய்தவர்கள் உலகத்தை மூன்று மண்டலமாகப் பிரித்துவிட்டார்கள், மலேசியா ஒன்றில், இந்தியா இன்னொன்றில், எல்லா மண்டலத்துக்கும் பொது என்று போட்ட டிஸ்க் மட்டும் எங்கேயும் ஓடும் என்று விளக்கினேன். இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். என் தப்புதான். எல்லா மண்டலத்தையும் படிக்கும் பிளேயர் ஒன்றை மாற்றிக் கொடுத்தேன்.

கோபப்படுவார் என்று பார்த்தால், அலுத்துக்கொண்டதோடு சரி: "எனக்கே பெர்மிட் வர ஆறு மாசம் இழுத்துச்சு சார், இதுக்கும் தனியா விசா எடுக்கணுமா?"

ஐந்து ஸ்பீக்கர், ஒரே வரிசை

ஹோம் தியேட்டர் என்றால் இரண்டு ஸ்பீக்கர் நமக்குப் பின்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் மழை தலைக்கு மேலே பெய்கிற மாதிரி கேட்கும். சுபாங் ஜெயாவில் ஒரு வீட்டில் அளந்து, ஒயரை ஒளித்து, அழகாக மாட்டிக் கொடுத்தேன். மறுவாரம் சத்தம் சரியில்லை என்று கூப்பிட்டார்கள். போனால், ஐந்து ஸ்பீக்கரும் டிவிக்குக் கீழே ஷோகேஸில் கல்யாண குரூப் போட்டோ மாதிரி வரிசையாக நிற்கின்றன.

யார் நகர்த்தியது என்று கேட்டேன். வீட்டுக்காரர் கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை: "பின்னால வச்சா வர்றவங்க கண்ணுல எப்படிப் படும், பாஸ்?"

அஷ்டமி

புதன்கிழமை மேருவுக்குப் போய் தேவன் அங்கிள் வீட்டில் பிளேயரை மாட்டினேன். கடையிலிருந்து கொண்டுபோன டெமோ டிஸ்க்கைப் போட்டுக் காட்டினேன். அந்தப் பெரிய டிவியில் கடலும் மீனும் வந்தன. அங்கிளுக்கு வாயெல்லாம் பல். சரி, கல்யாண டிஸ்க்கைக் கொடுங்கள், அதையும் பார்த்துவிடலாம் என்றேன். ஆன்டி சுவர்க் காலண்டர் அருகே போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அன்றைக்கு அஷ்டமி.

மகள் சனிக்கிழமை காலை வந்து இறங்குகிறாள், இடையில் இருப்பது இரண்டே நாள் என்று அங்கிள் முணுமுணுத்தார். எடுபடவில்லை. "நல்ல நாள் பாத்து நடந்த கல்யாணம், அதப் பாக்கறதும் நல்ல நாளா இருக்க வேணாமா? வெள்ளிக்கெழம பாத்துக்கறோம், நீங்க டீய குடிங்க."

கறுப்புக் கண்ணாடியில் மங்களம்

வெள்ளிக்கிழமை மதியம் அங்கிளிடமிருந்து போன். ரிமோட் வேலை செய்யவில்லை. பேட்டரியைத் திருப்பிப் போடுங்கள் என்றேன். போட்டாகிவிட்டது. புது பேட்டரி? அதுவும் ஆகிவிட்டது. கேஷியர் சாந்தாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஃபெடரல் ஹைவே எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மணி நேரம் ஊர்ந்தேன்.

போய்ப் பார்த்தால் பிளேயர் பளபளவென்று இருக்கிறது. மேலே ஒரு முழம் மல்லிகை. முன்பக்கத்தில், சரியாக ரிமோட்டின் கதிரை வாங்கும் சின்னக் கறுப்புக் கண்ணாடி மேல், காசளவு சந்தனம், நடுவில் குங்குமம். பளிச்சென்று வைக்க அதைவிடப் பொருத்தமான இடம் அந்தப் பெட்டியில் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஈரத்துணியால் துடைத்தேன். ரிமோட் உடனே வேலை செய்தது.

ஆன்டிக்குத்தான் மனம் கேட்கவில்லை: "புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காம எப்படி தம்பி ஓட்டறது? கொஞ்சம் தள்ளி வச்சா கோவிச்சுக்காதுல்ல?"

மூன்று பொட்டு

டிஸ்க்கைப் போட்டோம். படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. மறுபடி போட்டோம். அதே பதில். வெளியே எடுத்துத் திருப்பினேன். மின்னும் பக்கத்தில் வரிசையாக மூன்று பொட்டு. எழுத்து இருந்த பக்கத்தில் வைத்தால் மகள் பெயர் மறைந்துவிடுமே என்று, வெறுமையாக இருந்த பக்கத்தில் வைத்திருக்கிறார் ஆன்டி.

ப்ளூ-ரேயில் பதிவு மேல்தோலை ஒட்டியே இருக்கும். குங்குமம் பொடி. அழுத்தித் தேய்த்தால் கீறிவிடும், கீறினால் கல்யாணம் போச்சு. வேறு பிரதி கிடையாது. குழாயடியில் பிடித்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, காய்ந்த சந்தனம் தானாக ஊறும்வரை காத்திருந்தேன். பிறகு கண்ணாடி துடைக்கும் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு, நேர்கோட்டில் மட்டும், மெல்ல. வட்டமாகத் துடைக்கவே கூடாது. ஆன்டி அழுதுகொண்டே நின்றார். அங்கிள் அவரை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு டிஸ்க்கையே பார்த்திருந்தவர் சொன்னது இதுதான்: "மெதுவா தம்பி. லோரிய பின்னால எடுக்கறப்பகூட நான் இவ்வளவு பயந்ததில்ல."

அந்த இடம்

இந்த முறை பிளேயர் கொஞ்ச நேரம் முனகியது. பிறகு மேளச் சத்தம் வந்தது. நான் கிளம்ப எழுந்தேன், அவர்கள் விடவில்லை.

தாலி கட்டும் இடம் வந்தது. மேடையைப் பார்த்து ஒரு தோழி போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். வீடியோக்காரர் அவளுக்குப் பின்னால் நின்று எடுத்திருக்கிறார். தாலி ஏறியதும் மணப்பெண் நிமிர்ந்து, நேராக அந்தப் போனைப் பார்த்துக் கைகூப்புகிறாள். அங்கிள் படத்தை நிறுத்தச் சொன்னார். பெரிதாக்கிக் காட்டினேன். போன் திரையில் ஒரு தலையணை, மூக்கில் குழாய், பாதி திறந்த வாய். ஆஸ்பத்திரியில் யாரோ வீடியோ காலில் அங்கிள் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்திருக்கிறார்கள். மருந்து மயக்கத்தில் அவர் நன்றாகத் தூங்குகிறார்.

மேடையில் இருந்த ஆன்டிக்கே இது தெரியாது. அப்பாதான் இரண்டு தரம் பார்த்துவிட்டாரே என்று மகளும் விளக்கிச் சொல்லவில்லை. அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், மறுபடியும் துடைத்துக்கொண்டார். பார்த்தேன், அழுதேன் என்று மகளிடம் சொன்ன பொய் இரண்டும் அந்த ஒரு நிமிடத்தில் உண்மையாகிக்கொண்டிருந்தன.

"நானும் கல்யாணத்துல இருந்திருக்கேன்லா தம்பி. தூங்கிட்டேன், அவ்வளவுதான்."

டிவிடிக்கும் ப்ளூ-ரேக்கும் என்ன வித்தியாசம் என்று இப்போது யாராவது கேட்டால், தூங்குகிறவர் யார் என்று தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டு, பொட்டு வைக்கக்கூடாத இடங்களைக் காட்ட ஆரம்பித்துவிடுகிறேன்.